அச்சமும் அறிவும்

மக்கள் கொள்ளும் அச்சம் இருவகைப்படும். ஒன்று பயனுடையது, மற்றொன்று பயனற்றது. கொதிக்கும் உலைநீரில் கையை விடாதவாறு குழந்தையைத் தடுப்பது முதல் வகை. கொடியில் உலர்த்திய வேட்டி இருளில் அசையக் கண்டு, பேயென்று அலறி ஓடச் செய்வது இரண்டாம் வகை. முன்னது உயிரைக் காக்கும். பின்னது உள்ளத்தைக் கெடுக்கும். இவ்விரண்டையும் வேறு பிரித்துக் காட்ட வல்ல கருவி அறிவு ஒன்றே.

நோயைப் பற்றிய அச்சத்திற்கும் இது பொருந்தும். நோய் வரும் வழியை அறிந்தவன் அவ்வழியை அடைத்துவிட்டு, நோயுற்றவனுக்கு அருகில் இருந்து துணை செய்வான். வழியை அறியாதவனோ நோயை விட்டுவிட்டு நோயாளிக்கு அஞ்சி ஓடுவான். ஒருவனிடம் அவ்வறியாமை இருப்பின் தீங்கு சிறிது. ஓர் ஊரே அதில் ஆழ்ந்திருப்பின் ஒரு மனிதனின் வாழ்வே குலைந்துபோகும். எச்.ஐ.வி. என்னும் நச்சுயிரியின் வரலாற்றில் இவ்வுண்மை தெளிவாகக் காணப்படுகிறது. அதனை விளக்க ஒரு பள்ளி மாணவனின் வாழ்க்கையே போதும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்தது கோக்கமோ என்னும் நகரம். அந்நகரில் 1971 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இரயன் ஒயிட் என்னும் சிறுவன் பிறந்தான். பிறவியிலேயே அவனுக்கு ஒரு குறை இருந்தது. பிறருக்குக் காயம் பட்டால் சிறிது நேரத்தில் குருதி தானே உறைந்து காயத்தின் வாயை அடைத்துவிடும். அவ்வாறு உறைவதற்கு வேண்டிய புரதப் பொருள் ஒன்று இரயனின் குருதியில் போதிய அளவு இல்லை. ஹீமோபிலியா என்பது அந்நோயின் பெயர். குருதிக் கொடையாளர் பல்லாயிரவரிடம் பெற்ற குருதியின் நீர்ப்பகுதியை ஒன்றாகச் சேர்த்து, அதிலிருந்து அப்புரதத்தைப் பிரித்தெடுத்து மருந்து செய்தனர். அம்மருந்தை ஊசி வாயிலாக ஏற்றிக்கொண்டு இரயன் வளர்ந்து வந்தான்.

உயிர் காத்த அம்மருந்தே அவனுக்குப் பகையாயிற்று. பல்லாயிரவரின் குருதி ஒன்று சேருமிடத்து, அவருள் மிகச் சிலரிடம் நச்சுயிரி இருப்பினும் மருந்து முழுவதும் மாசுபடும் அன்றோ? குருதியில் அந்நச்சுயிரி உளதா என்று கண்டறியும் சோதனை 1985 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில்தான் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னரே இரயனின் உடலில் நச்சுயிரி புகுந்துவிட்டது. 1984 ஆம் ஆண்டு டிசம்பரில் நுரையீரல் அழற்சியுற்று மருத்துவமனையில் சேர்ந்தபோது, அவனுக்கு எய்ட்ஸ் நோய் இருப்பது தெரிந்தது. இன்னும் ஆறு திங்களே உயிர் வாழ்வான் என்று மருத்துவர் கூறினர். அப்போது அவனுக்கு வயது பதின்மூன்று.

எய்ட்ஸ் நோய் 1981 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முதன்முதலாகக் கண்டு குறிக்கப்பட்டது. அதற்குக் காரணமான நச்சுயிரியை 1983 ஆம் ஆண்டில் பாரிசு நகரத்துப் பாஸ்டர் ஆய்வு நிலையத்தார் கண்டறிந்தனர். அந்நச்சுயிரி வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. ஒரு மில்லிமீட்டரைப் பதினாயிரம் கூறு செய்தால் ஏறத்தாழ ஒரு கூறே அதன் அளவு. உடலின் காவற்படையாக விளங்கும் வெள்ளை அணுக்களுள் ஒரு வகையினுள் புகுந்து, அங்கேயே பெருகி, அவற்றை அழிப்பது அதன் இயல்பு. காவலர் குறையக் குறையக் கள்வர் ஊரினுள் நுழைவது போல, எதிர்ப்பாற்றல் குறையக் குறையக் காசநோய் முதலிய பிற நோய்கள் உடலைப் பற்றிக்கொள்ளும். எச்.ஐ.வி. என்பது நச்சுயிரியின் பெயர். மருத்துவம் பெறாதவிடத்துப் பல ஆண்டுகளுக்குப் பின் அதனால் உடல் அடையும் நலிந்த நிலையே எய்ட்ஸ் எனப்படும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுதல் பிழை.

மருத்துவர் குறித்த நாள் கடந்தும் இரயன் உயிரோடு இருந்தான். உடல் சற்றுத் தேறியதும் பள்ளி செல்ல விழைந்தான். ஆனால், 1985 ஆம் ஆண்டில் பள்ளியின் கதவு அவனுக்கு அடைக்கப்பட்டது. அவனோடு ஒரே வகுப்பில் அமர்ந்தால் தம் மக்களுக்கும் நோய் தொற்றும் என்று பெற்றோர் பலர் அஞ்சினர். தொலைபேசி வாயிலாக வகுப்பைக் கேட்டு வீட்டிலிருந்தே படிக்குமாறு அவனுக்குக் கூறப்பட்டது. அன்னை நீதிமன்றத்தை நாடினார். நெடிய வழக்கிற்குப் பின்னர் 1986 ஆம் ஆண்டு ஏப்பிரலில் அவன் பள்ளிக்குத் திரும்பினான். எனினும் அவனுக்கெனத் தனிக் கழிப்பறை ஒதுக்கப்பட்டது; உண்டபின் எறிந்துவிடும் கரண்டியும் தட்டும் தரப்பட்டன. உணவு விடுதிகளில் அவன் உண்ட கலங்களை எறிந்தனர். வழிபாட்டுக் கூடத்தில் அவனோடு கைகுலுக்க மறுத்தனர். அவன் வீடுதோறும் செய்தித்தாள் கொடுத்து வந்தவன். அவன் கைபட்ட தாளும் நோயைத் தரும் என்று அஞ்சிச் சிலர் செய்தித்தாளையே நிறுத்தினர். இறுதியில் அவன் வீட்டுச் சாளரத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு துப்பாக்கிக் குண்டும் பாய்ந்தது.

அவ்வூரார் அனைவரும் கொடியவரா? அல்லர். தம் மக்கள் மேல் அன்புடையவர், ஆனால், அறியாதவர். அவர்தம் அச்சத்திற்கு ஏதேனும் அடிப்படை இருந்ததா என்பதை ஆராய்தல் வேண்டும். அதற்கு எச்.ஐ.வி. எவ்வழியில் தொற்றும், எவ்வழியில் தொற்றாது என்பது தெரிதல் வேண்டும்.

இந்நச்சுயிரி ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்வதற்கு மூன்று நிலைகள் ஒருங்கே அமைதல் வேண்டும். நச்சுயிரி போதிய அளவு உள்ள உடல்நீர்மம் வெளிப்படுதல் ஒன்று. அது வெளியில் நெடுநேரம் கிடந்து ஆற்றல் இழவாமல் மற்றவரை அடைதல் இரண்டு. அவர் உடலின் உள்ளே, குருதியிலோ மென்மையான உட்தோலிலோ சேர்தல் மூன்று. இவற்றுள் ஒன்று இல்லையாயினும் தொற்று இல்லை. குருதி, விந்து, பெண்ணின் பிறப்புறுப்பு நீர்மம், மலக்குடல் நீர்மம், தாய்ப்பால் ஆகியவற்றிலேயே இந்நச்சுயிரி தொற்றும் அளவில் இருக்கும். வியர்வையும் கண்ணீரும் உமிழ்நீரும் தொற்றைப் பரப்புவதில்லை.

ஆகவே அது புகும் வாயில்கள் சிலவே. நச்சுயிரி உடையவரோடு ஆணுறை முதலிய பாதுகாப்பின்றி உடலுறவு கொள்ளுதல் முதல் வாயில். உலகில் மிகுதியான தொற்று இவ்வழியாகவே நிகழ்கிறது. சோதிக்கப்படாத குருதியையோ குருதிப் பொருளையோ ஏற்றிக்கொள்ளுதல் இரண்டாம் வாயில். இரயனுக்கு நேர்ந்தது இதுவே. ஒருவர் பயன்படுத்திய ஊசியைத் தூய்மை செய்யாது மற்றொருவர் பயன்படுத்துதல் மூன்றாம் வாயில். ஊசிக் குழலின் உள்ளே தங்கும் குருதியில் இந்நச்சுயிரி பல நாள் அழியாது இருக்கக்கூடும். பச்சை குத்தும் ஊசிக்கும் இவ்வெச்சரிக்கை வேண்டும். நச்சுயிரி உடைய தாயிடமிருந்து கருவிலோ, மகப்பேற்றின்போதோ, பாலூட்டும்போதோ குழந்தைக்குச் செல்லுதல் நான்காம் வாயில்.

இவ்வாயில்களை விடுத்து, நாள்தோறும் மக்கள் பழகும் பழக்கத்தில் இது தொற்றுவதில்லை. கைகுலுக்குதல், தழுவுதல், ஒரே இருக்கையில் அமர்தல், ஒரே கலத்தில் உண்ணுதல், ஒரே குவளையில் நீர் அருந்துதல், ஒரே குளத்தில் நீராடுதல், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துதல், உடுத்த ஆடையைத் தொடுதல் ஆகியவற்றால் எவருக்கும் தொற்று வாராது. இருமலாலும் தும்மலாலும் பரவாது. காற்றில் மிதந்து வரவும் செய்யாது. புதிய ஊசி கொண்டு குருதிக் கொடை அளிப்பவருக்கும் இதனால் ஊறு இல்லை.

கொசுக்கடியால் இது பரவாதா என்று வினவுவார் பலர். அவ்வினா அறிவுடைய வினாவே. ஏனெனில், மலேரியாக் காய்ச்சலைக் கொசு பரப்புகிறது. கொசுவின் உடலில் மலேரியாக் கிருமி வளர்வதை 1897 ஆம் ஆண்டில் செகந்தராபாத்து நகரில் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர் கண்டறிந்தார். அக்கிருமி கொசுவின் வயிற்றில் பெருகி, அதன் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, அடுத்த கடியின்போது மனிதர் உடலில் இறங்குகிறது. எச்.ஐ.வி.யோ மனித அணுவில் பெருகுமேயன்றிக் கொசுவின் உடலில் பெருகாது. கொசு உறிஞ்சிய குருதியோடு தானும் செரித்து அழிந்துபோகும். மேலும், கொசு குருதியை உறிஞ்சும் குழாய் வேறு, உமிழ்நீரைச் செலுத்தும் குழாய் வேறு. ஒருவரிடம் உறிஞ்சிய குருதியை அது மற்றொருவர் உடலில் செலுத்துவதில்லை. ஆதலின் கொசு எச்.ஐ.வி.யைப் பரப்பாது.

இவை வெறும் ஊகங்கள் அல்ல. 1986 ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகர மருத்துவர், எய்ட்ஸ் நோயாளருடன் ஒரே வீட்டில் வாழ்ந்த 101 பேரை ஆராய்ந்து கண்டதை வெளியிட்டனர். அவர்கள் நோயாளரோடு கலங்களையும் குளியலறையையும் பகிர்ந்துகொண்டவர். அணைத்தும் பணிவிடை செய்தும் வாழ்ந்தவர். அவருள் ஒரே ஒரு குழந்தையிடம் மட்டும் தொற்று இருந்தது. அதுவும் தாயிடமிருந்து பிறப்பின்வழி வந்திருத்தல் கூடும் என்பதே மருத்துவர் முடிபு. இரயனின் வீட்டிலும் அன்னையும் தங்கையும் அவனோடு உண்டும் உறங்கியும் வாழ்ந்தனர். அவ்விருவருக்கும் தொற்று வரவில்லை. வீட்டில் தொற்றாதது வகுப்பறையில் எங்ஙனம் தொற்றும்? ஊரார் அஞ்சிய தட்டிலும் கரண்டியிலும் செய்தித்தாளிலும் நோய் இல்லை. அச்சத்திலேயே நோய் இருந்தது.

1987 ஆம் ஆண்டில் இரயனின் குடும்பம் கோக்கமோவை விட்டு நீங்கிச் சிசெரோ என்னும் சிற்றூரில் குடியேறியது. அருகிலிருந்த ஆமில்டன் ஐட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் அவன் சேர்ந்தான். அவன் வருவதற்கு முன்னரே அப்பள்ளியார் ஒரு நற்செயல் செய்தனர். நோயின் இயல்பை அறிந்தவரை வரவழைத்து மாணவர்க்கு விளக்கச் செய்தனர். மாணவர் தம் ஐயங்களை வெளிப்படையாகக் கேட்டுத் தெளிந்தனர். தெளிந்ததைத் தம் வீட்டில் பெற்றோர்க்கும் எடுத்துரைத்தனர். ஆகஸ்டுத் திங்கள் இறுதியில் இரயன் பள்ளியில் அடியெடுத்து வைத்தபோது, தலைமையாசிரியரும் மாணவரும் முன்வந்து அவன் கையைப் பற்றிக் குலுக்கி வரவேற்றனர்.

சிறுவன் அவனே; அவன் உடலில் இருந்த நச்சுயிரியும் அதுவே. மாநிலமும் ஒன்றே. ஒரு பள்ளி கதவை அடைத்தது. மற்றொரு பள்ளி கையை நீட்டியது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? பின்னைய பள்ளியார் முன்னையோரைவிட இயல்பாகவே நல்லவர் என்று கூறுதற்கில்லை. அவர்கள் முன்னதாக அறிந்துகொண்டனர், அவ்வளவே. அன்பு எங்கும் உண்டு. அதனை அச்சம் மறைக்கும். அம்மறைப்பை நீக்குவது அறிவு.

1988 ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் அமைத்த குழுவின் முன் இரயன் தன் துன்பங்களை எடுத்துரைத்தான். தன்னை இகழ்ந்தவரை அவன் பழிக்கவில்லை. ஆறு திங்களே வாழ்வான் எனப்பட்டவன் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1990 ஆம் ஆண்டு ஏப்பிரல் 8 ஆம் நாள் பதினெட்டாம் வயதில் உயிர் நீத்தான். அவ்வாண்டே அமெரிக்க நாட்டில் எச்.ஐ.வி. உடையவர்க்கு மருத்துவ உதவி அளிக்கும் சட்டம் ஒன்று அவன் பெயராலேயே நிறைவேறியது.

இரயன் பள்ளிக்குத் திரும்பப் போராடிய அதே 1986 ஆம் ஆண்டில், சென்னையில் ஓர் ஆய்வு நடைபெற்றது. எச்.ஐ.வி. இந்தியாவிற்கு வாராது என்று பலர் நம்பியிருந்த காலம் அது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவை இதனை ஆராயுமாறு பணித்தார். நிர்மலா, பாலியல் தொழிலில் சிக்கியிருந்த பெண்களைத் தேடிச் சென்று குருதி மாதிரிகளைப் பெற்றார். அவற்றைச் சேமித்து வைக்க வேறு வசதி இல்லாமையால், தம் இல்லத்துக் குளிர்பெட்டியிலேயே காத்து வைத்தார். பின்னர் அவை வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. ஆறு பெண்களின் குருதியில் தொற்று இருப்பது தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. உண்டு என்பதை முதன்முதல் உணர்த்தியது இவ்வாய்வே. வறுமையும் வஞ்சனையும் சூழ்ந்த வாழ்வில் உழன்ற அப்பெண்களை இகழ்வதற்கு எவருக்கும் உரிமை இல்லை. நச்சுயிரி எவரையும் குணம் பார்த்துப் பற்றுவதில்லை. திறந்த வாயில் கண்டவிடத்து நுழைகிறது. எவ்வழியில் வந்ததாயினும் நோயுற்றவர் அனைவரும் பரிவிற்கு உரியவரே.

இவ்வாய்வுக்குப் பின்னர் வாயில்களை அடைக்கும் முயற்சிகள் நாட்டில் தொடங்கின. ஏற்றப்படும் குருதி சோதிக்கப்படலாயிற்று. பணத்திற்குக் குருதி விற்கும் வழக்கம் 1998 ஆம் ஆண்டு சனவரி முதல் தடை செய்யப்பட்டது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசிகள் பரவின. 2004 ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவமனைகளில் நச்சுயிரியை அடக்கும் கூட்டு மருந்துகள் விலையின்றி வழங்கப்படுகின்றன. அம்மருந்துகள் நச்சுயிரியை உடலிலிருந்து அறவே நீக்குவதில்லை. ஆயின், அதனைப் பெருகவொட்டாமல் அடக்கி, நெடுநாள் நலமாக வாழச் செய்கின்றன. சோதனைக்கும் புலப்படாத அளவு நச்சுயிரி குறைந்து, அந்நிலையில் நிலைத்திருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை. மருத்துவம் இல்லாதவிடத்துத் தாயிடமிருந்து நூற்றுக்குப் பதினைந்து முதல் நாற்பத்தைந்து குழந்தைகள் வரை தொற்றுப் பெறக்கூடும். உரிய மருத்துவம் அளித்தால் அத்தொகை ஐந்துக்கும் கீழே குறையும். எதிர்பாராது பிறர் பயன்படுத்திய ஊசி குத்தியவர் 72 மணி நேரத்திற்குள், இயன்றவரை உடனே, மருத்துவமனை சென்று தடுப்பு மருந்து தொடங்கலாம்.

தொற்று உள்ளவரைப் பார்த்த அளவில் அறிதல் இயலாது. குருதிச் சோதனை ஒன்றே காட்டும். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் இச்சோதனை மறைவாகவும் விலையின்றியும் செய்யப்படுகிறது. எச்.ஐ.வி. உடையவர்க்குக் கல்வியையோ வேலையையோ மருத்துவத்தையோ மறுத்தல் கூடாது என்று 2017 ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2018 ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் அது நடைமுறையில் உள்ளது. ஒருவரின் இசைவின்றி அவர் நோயைப் பிறர்க்கு வெளிப்படுத்துதலையும் அச்சட்டம் தடுக்கிறது.

சட்டம் பள்ளியின் கதவைத் திறக்கும். பக்கத்து இருக்கையில் அமரும் மாணவனின் உள்ளத்தைத் திறக்க அதனால் இயலாது. அது கல்வியின் கடமை. இரயனின் கையைப் பற்றிய மாணவர் மருத்துவர் அல்லர், அறிஞரும் அல்லர். கேட்டறிந்ததை நம்பி, அறிந்தவாறு நடந்தவர். பாதுகாப்பற்ற உறவுக்கும், பிறர் பயன்படுத்திய ஊசிக்கும், சோதிக்கப்படாத குருதிக்கும் அஞ்சுதல் அறிவுடைமை. உடன் பயிலும் ஒருவனின் கைக்கும் கலத்திற்கும் அஞ்சுதல் அறியாமை. அஞ்ச வேண்டிய இடத்தை அறிந்த மாணவர், அஞ்ச வேண்டாத இடத்தில் தயங்காமல் கையை நீட்டுவர்.

பயிற்சி

1. அச்சத்தின் இருவகைகளை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. எச்.ஐ.வி. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதற்கு அமைய வேண்டிய மூன்று நிலைகள் யாவை?
3. மலேரியாவைப் பரப்பும் கொசு எச்.ஐ.வி.யைப் பரப்பாமைக்குக் காரணம் கூறுக.
4. இரயன் பயின்ற இரு பள்ளிகளின் செயல்களை ஒப்பிட்டு, வேறுபாட்டிற்குரிய காரணத்தை எழுதுக.
5. ‘சட்டம் பள்ளியின் கதவைத் திறக்கும்’ – இத்தொடரின் கருத்தை விரித்து ஒரு பத்தி எழுதுக.